மண்ணும் மகவும்

திருமுதுகுன்றம் எனத் திருமுறைகளிற் போற்றப்பெறும் விருத்தாசலம், பழமையினாலேயே பெயர் பெற்ற பதியாகும். ஆண்டு எழுந்தருளிய இறைவர் பழமலைநாதர், இறைவியார் பெரியநாயகியார். சைவாகமங்கள் 28-ஐயும் குறிக்கும் 28 இலிங்கத் திருவுருவங்கள் ஒருங்கே அமைந்திருக்கும் சிறப்பும் இத்திருக்கோயிலுக்கு உண்டு. நம்பியாரூரர் ஈண்டுப் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்த வரலாற்றைச் சைவர் யாவரும் அறிவர். இத்துணைத் தொன்மை வாய்ந்த ஊரின் ஒருபால், பிற்காலத்தெழுந்த தொழிலொன்று வேரூன்றியிருக்கின்றது. அது பீங்கான் தொழில். அரசினர் அமைத்த பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில் நுட்பத்தைக் கற்பிக்கும் கல்விக்கூடமும் அங்கே தோன்றின. அகல் விளக்குகளும், மின் இணைப்புக்கு வேண்டும் உறுப்புகளும், பிள்ளையார் முதலிய தெய்வ வடிவங்களும், சிறார் கண்டு களிக்கும் பொம்மைகளும் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிப்போந்து நாடெங்கும் செல்வனவாயின.

களிமண்ணைப் பிசைந்து உருவாக்கும் தொழில் நிகழும் ஊரில், மக்களை வளர்த்தல் பற்றிப் பேசுவார் நாவில் ஓர் உவமை எளிதாக எழும். குழந்தை பச்சைக் களிமண், பிடித்தவர் பிடித்தபடி ஆகும் என்பதே அவ்வுவமை. அவ்வூரில் மட்டுமன்று, உலகெங்கும் கல்வியைப் பற்றிப் பேசுவோர் இதனைக் கையாளுகின்றனர். இதனை முழுவதும் மெய்யெனக் கொண்ட பெற்றோர், மண் உலர்ந்துவிடுமுன் உருவாக்கிவிட வேண்டுமென்று விரைந்து, மூன்றாண்டு நிரம்பாத மகவின் கையிலும் எழுதுகோலைத் திணிக்கின்றனர். மகவோ எழுதுகோலை விடுத்து மணலை நோக்கி ஓடுகின்றது. ‘விளையாடியே வீணாகின்றதே’ என்று அவர் வருந்துகின்றனர். குழந்தை களிமண்தானா? அதன் விளையாட்டு வீண்தானா? இவ்விரு வினாக்களும் வெவ்வேறு போலத் தோன்றினும், ஒன்றற்கு விடை கண்டால் மற்றதற்கும் விடை கிடைத்துவிடும். அவ்விடையைச் சித்தாந்த நூல்களின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

உவமை யாவும் ஒருபுடை ஒப்புமையே என்பது அறிஞர் கொள்கை. ஆகலின், மண்ணுக்கும் மகவுக்கும் ஒப்புமை எவ்வளவு, வேற்றுமை எவ்வளவு என முதற்கண் அளந்து கொள்ளுதல் வேண்டும்.

பீங்கான் பொம்மை செய்வோர் வெண்களிமண்ணோடு படிகக்கல், பெல்ஸ்பார் என்னும் கற்களின் பொடியைச் சேர்த்து, நீர்விட்டுக் கூழாக்குவர். அக்கூழைப் பாரிஸ் சாந்தினாற் செய்த அச்சினுள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சும். உறிஞ்சுந்தோறும் அதன் உட்சுவரை ஒட்டி மண் படியும். வேண்டிய கனம் படிந்தபின் எஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிடுவர். பின்னர் அச்சைப் பிரித்து, உள்ளே வெறுமையாகிய பொம்மையை எடுத்து, ஒட்டிய தழும்புகளைச் சீவி உலரவைப்பர். இவ்விடத்தில் விரைவு கூடாது. விரைந்து உலர்த்தினால் புறம் சுருங்க, அகம் சுருங்காது நிற்க, வெடிப்பு உண்டாகும். நன்குலர்ந்த பின்னரே சூளை ஏற்றுவர். சூளையின் வெம்மை ஏறத்தாழ 500 முதல் 600 செண்டிகிரேடு பாகை எட்டும்பொழுது, களிமண்ணின் உள்ளமைப்போடு பிணைந்துகிடந்த நீரும் நீங்கிவிடுகின்றது. அதற்கு முன் உடைந்த பொம்மையை நீரிற் கரைத்தால் மீண்டும் கூழாகும். அதற்குப் பின் எத்துணை நீர் வார்த்தாலும் அது மண்ணாதல் இல்லை.

இதனால் அறியப்படும் உண்மை ஒன்று உண்டு. ஒவ்வொன்றற்கும் ஒரு பருவம் உண்டு. பருவத்தை முந்தினால் வெடிப்பும், பருவத்தைக் கடந்தால் மீளாமையும் உளவாம். இவ்வளவில் உவமை பொருந்துவதே. இளமைப் பருவத்திற் பதிந்தவை பின்னர் அழிதல் அரிது என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், மண் வெடிக்காமலிருக்க வேண்டுமென்று நாட்கணக்கிற் பொறுக்கும் மாந்தர், மக்கள் திறத்தில் ஒரு திங்களும் பொறாராய் விரைதல் வியப்பிற்குரியதே. உவமை கூறுவோர் அவ்வுவமையில் அடங்கிய பொறுமையைக் கற்றிலர்.

இனி வேற்றுமை வருமாறு. மண், குயவன், திரிகை என்னும் மூன்றும் சித்தாந்த நூல்களிற் பெரிதும் பயின்ற உவமைகளாம். குடம் தோன்றுதற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகம் தோன்றுதற்கு மாயை முதற்காரணமாகவும், இறைவனது சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்த காரணனாகவும் கொள்ளப்பெறும். இவ்வுவமையில் உயிர்க்கு இடம் யாது? உயிர் குயவனும் அன்று; திரிகையும் அன்று; மண்ணும் அன்று. எவன் நீர் முகந்து உண்ணும்பொருட்டுக் குடம் வனையப்பட்டதோ அவன் நிலையில் நிற்பதே உயிர். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையிற் பிறந்து உயிரின்பொருட்டே அளிக்கப்பெற்றன. ஆகலின், மகவின் உடம்பு மண்ணாகலாம். மகவு மண் ஆகாது. மண் சடம், உயிர் சித்து. சடத்திற்கு விழைவில்லை, அறிவில்லை, தன்வயமான செயலில்லை. உயிர்க்கு இம்மூன்றும் உண்டு. அன்றியும், உயிர் பெற்றோராற் படைக்கப்பட்டதும் அன்று. அநாதியே உள்ளதாய், எத்துணையோ பிறவிகளைக் கடந்து, தன் வினைப்பயனுக்கேற்ப இவ்வில்லிற் புகுந்த விருந்தே அது. விருந்தினரை அச்சிலிட்டு வார்க்க எண்ணுவார் உளரோ?

அங்ஙனமாயின் பிறந்த குழந்தை ஒன்றும் அறியாதிருப்பது என்னை எனின், ஆணவ இருளே அதற்குக் காரணம் என்க. உயிரின் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்களையும் ஆணவம் மறைத்து நிற்கின்றது. அம்மறைப்பைச் சிறிதே நீக்கி, கலை என்னும் தத்துவம் செயலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் விழைவையும் எழுப்புகின்றன என்பது சித்தாந்தத் தத்துவ முறை. இருளில் ஏற்றிய விளக்கைப்போல மாயையின் காரியங்கள் உயிர்க்குச் சிற்றொளி தருகின்றன. இவ்வெழுச்சி முதன்முதல் வெளிப்படும் களம் யாதென நோக்கின், அது விளையாட்டேயாதல் தெளிவாகும்.

ஒரு பிடி களிமண் கிடைத்த சிறு மகவைக் காண்க. முதலில் அதனைத் தொட விரும்புகின்றது, இஃது இச்சை. தொட்டவுடன், அழுத்தினாற் குழிகின்றது, உருட்டினால் உருள்கின்றது, நீரை மிகுத்தால் வழுவுகின்றது என அறிகின்றது, இஃது அறிவு. அறிந்தவாறே ஓர் உருண்டையைச் செய்து, ‘இது பிள்ளையார்’ என்று ஓரிடத்தில் வைக்கின்றது, இது செயல். மூன்று ஆற்றல்களும் ஒரே நொடியில், ஒன்றையொன்று தூண்டி, பிறர் ஏவாமல் நிகழ்கின்றன. எழுதுகோலைப் பற்றுவித்துக் கையைப் பிடித்து இழுக்குங்கால் இவற்றுள் யாது நிகழ்கின்றது? விழைவு தாயினுடையது, அறிவு தாயினுடையது, மகவின் கை மட்டும் அசைகின்றது. அசைவு சடத்திற்கும் உண்டு.

அன்றியும், உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையாய் நிற்கும். இவ்வுண்மையை மெய்ப்பிக்கச் சிறாரின் பாவனை விளையாட்டினும் சிறந்த சான்று இல்லை. கோலைக் காலிடை வைத்த சிறுவன் குதிரையேறியும் ஆகின்றான், குதிரையும் ஆகின்றான். மரப்பாவையை மடியில் இட்ட சிறுமி தாயாகின்றாள். பாவை அழுததாகக் கருதித் தானும் வருந்துகின்றாள். பிறர் நோயைத் தன்னோய்போற் கருதும் பண்பு அறநூலைக் கற்றபின் உண்டாவதன்று. மரப்பாவையின் கண்ணீரைத் துடைத்த அன்றே அது வித்திடப்படுகின்றது. இறைவனைச் சார்ந்து அவன் வண்ணமாதலே முத்தி எனின், சார்தற்கும் சார்ந்ததாகி நிற்றற்கும் உயிர் பெறும் முதற்பயிற்சியை வீணென்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், உயிர் அறிவிக்க அறியும் இயல்பினதன்றோ? அறிவிப்பார் இன்றி விளையாட்டால் அறிவு விளங்குமென்றல் சித்தாந்தத்தோடு முரணாதோ எனின், முரணாது. அறிவித்தல் என்பது சொல்லிக் கொடுத்தல் ஒன்றே அன்று. இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவி காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இருவகைப்படும். கண்ணுக்குப் பொருளைக் காட்டும் உயிர், கண்ணோடு உடன் நின்று தானும் காணுமாறுபோல, உயிர்க்கு அறிவிக்கும் இறைவன் உயிரோடு உடன் நின்று தானும் காண்கின்றான். காட்டாவிடில் உயிர் காணாது. உடன் காணாவிடிலும் காணாது.

தாய் மகவை இடுப்பில் வைத்து நிலாவைச் சுட்டிக் காட்டுதலில் இவ்விரண்டும் சிறிய அளவில் நிகழ்கின்றன. விரல் நீட்டுதல் காட்டும் உபகாரம். மகவின் முகத்தோடு முகம் சேர்த்துத் தானும் அந்நிலாவை நோக்கி வியத்தல் காணும் உபகாரம். காட்டிவிட்டுத் தாய் வேறெங்கோ நோக்கினால் மகவும் நிலாவை விட்டுத் தாய் நோக்கும் பக்கமே திரும்பும். தாயும் சேயும் ஒரு பொருளை ஒருங்கே நோக்குதலிலிருந்தே மொழியறிவு தளிர்க்கின்றது என்று இக்காலத்து உளநூலார் கூறுவதும் இதுவே. பொம்மையை வாங்கிக் கொடுப்பார் பலர்; அது காட்டும் உபகாரத்திற் பாதி. அருகமர்ந்து உடன் காண்பார் சிலரே.

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் இவ்வுண்மையின்மேல் எழுந்ததாகும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. பெண்பாற்கு இறுதி மூன்றும் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் போல்வனவாக மாறும். இவற்றின் அடைவை உற்று நோக்குக. தலை நிமிர்த்தி ஒரு காலை மடக்கி ஆடுதல், இரு கை சேர்த்துக் கொட்டுதல், தளர் நடையிட்டு வருதல், எட்டாத நிலவைத் தோழமைக்கு அழைத்தல், மணலில் வீடு கட்டுதல், பறை முழக்கித் தாளம் அறிதல், தேருருட்டித் தெருவிற் சேறல் என, உடலும் உள்ளமும் வளரும் ஒழுங்கே ஆண்டுக் காணப்படும். இப்பருவங்களுள் ஒன்றேனும் ஏடும் எழுத்தாணியும் பற்றியதாகப் புலவர் அமைத்திலர். முருகப் பெருமானுக்கும் மீனாட்சியம்மைக்குமே விளையாட்டுப் பருவத்தைக் குறையாது அளித்த தமிழ்நாட்டில், மானிட மகவுக்கு அதனை மறுத்தல் முறையாகுமா? குதிரை பூட்டாத மூன்றுருளைச் சிறுதேரைக் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் உருட்டியதைப் பட்டினப்பாலையும் குறிக்கின்றது. தமிழர் இல்லங்களில் விளையாட்டுக் கருவி புதிதாகப் புகுந்ததன்று.

விளையாட்டு என்னும் சொல்லே பயனின்மையைக் குறிக்குமே எனச் சிலர் கூறுவர். இக்கேள்வி சித்தாந்தத்திற்குப் புதிதன்று. இறைவன் ஐந்தொழில் இயற்றுதல் என் கருதி என வினாவி, அதனை அவன் விளையாட்டென்று கூறுதலும் ஆம் என உடன்பட்டு, உயிர்கட்குப் போகமும் முத்தியும் அளித்தற்கும் மலம் பரிபாகம் அடைதற்கும் அருளாற் செய்வன அவை எனச் சிவஞான சித்தியார் விளக்கும். செய்வானுக்கு வருத்தமின்மையால் விளையாட்டு. உயிர்க்குப் பயன் உண்மையால் அருள். எளிமையும் பயனும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். மகவின் விளையாட்டும் தன் அளவில் இத்தகையதே. அதற்கு வருத்தமில்லை, ஆனால் அறிவு விளங்குகின்றது. சிற்றிலைத் தானே கட்டி, சிறிதுநேரம் காத்து, மாலையில் தானே காலால் அழித்துச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பும் குழந்தை, முத்தொழிலின் நிழலை மணலில் ஆடிக் காட்டுகின்றது. அதே சிற்றிலைப் பிறனொருவன் அழித்தானாயின் கதறி அழுகின்றது. மணல் அதே மணல். அழிவு அதே அழிவு. அழுகை எற்றுக்கு? தன் இச்சையும் அறிவும் செயலும் கூடிய இடத்திற் பிறர் கால் பட்டதற்காக. பிள்ளைத்தமிழ்ச் சிற்றிற் பருவத்தில், தம் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாவெனப் பெண்மகார் இரந்து நிற்பதன் உட்பொருள் இதுவே.

பிறர் கட்டிய சிற்றிலைச் சிதைத்த வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. சேய்ஞலூரில் எச்சதத்தனுக்கு மகனாய்த் தோன்றிய விசாரசருமர், ஆனிரை மேய்க்குங்கால் மண்ணியாற்று மணல் திட்டில் ஆத்தி மரத்தின் கீழ் மணலாற் சிவலிங்கம் அமைத்தார். கோயிலும் கோபுரமும் மணலாலேயே வகுத்தார். பசுக்கள் தாமே பொழிந்த பாலைக் குடங்களில் ஏந்தி ஆட்டினார். கண்ட ஒருவன் கண்ணுக்கு அது பாலை மணலிற் சிந்தும் சிறுவர் செயலாகவே தோன்றிற்று. அவன் ஊரவர்க்கு உரைக்க, ஊரவர் தந்தையை அழைத்து உரைத்தனர். தந்தை மறுநாள் குராமரத்தில் ஏறி மறைந்திருந்து நோக்கினான். இறங்கிவந்து கோலால் மகனை அடித்தான். மகன் அதனை அறியாது பூசையில் அழுந்தியிருப்பக் கண்டு, பாற்குடத்தைக் காலால் இடறினான். பின் நிகழ்ந்ததும், சண்டீசப் பதம் அருளப்பெற்றதும் சைவர் அறிந்தனவே. அவற்றின் மறைபொருள் வேறு ஆராய்ச்சிக்கு உரியது. ஈண்டுக் கருதத்தக்கது, எச்சதத்தன் மரத்தின்மீது இருந்த அந்நேரமே. அவன் காணாமல் இடறினானல்லன், கண்டே இடறினான். கண்டது மணலையும் பாலையும், காணாதது மகனை.

சீகாழித் திருக்குளக்கரையில் மற்றொரு தந்தையார் நின்றார். நீராடி எழுந்த சிவபாதவிருதயர், மூன்றாண்டு மகவின் கடைவாயிற் பால் வழிதலைக் கண்டு வெகுண்டு, யார் அளித்த பாலை உண்டனை, காட்டுக என்று சிறு கோலை ஓங்கினார். மகவு ஒரு காலை எடுத்து, விரலால் வானை நோக்கிச் சுட்டிக்காட்டிப் பாடியது. சிவபாதவிருதயர் ஓங்கிய கோலை வீசவில்லை. மகவு சுட்டியதை மதித்து, அது பாடியதைக் கேட்டு, அதன் பின்னே திருக்கோயிலுட் சென்றார்.

இரு தந்தையர் கையிலும் கோல் இருந்தது. இருவர்க்கும் சினம் எழுந்தது. இருவர்க்கும் மகன்பால் அன்பு இல்லாமல் இல்லை. ஒருவர் மகவு காட்டிய இடத்தை நோக்கினார். ஒருவன் தான் கண்டதையே மெய்யென்று கொண்டான். காணும் உபகாரம் செய்தவர் ஞானசம்பந்தரின் தந்தையாராக வணங்கப்பெறுகின்றார். வளர்ப்பு முறையின் நன்மை தீமைகள் யாவும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கும் என்னலாம்.

எனின், மூன்றாம் ஆண்டிலேயே ஞானம் பெற்ற ஆளுடையபிள்ளையாரை எடுத்துக்காட்டியமையால், இளமையிலேயே கல்வியைப் புகட்டுதல் தக்கதென்பதன்றோ பெறப்படும்? விருத்தாசலத்திற்கு அணித்தாகிய திருப்பெண்ணாகடத்தில் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்ட தேவரும் குழந்தைப் பருவத்திலேயே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றவரன்றோ? இத்தடைக்கு விடை எளிது. அவ்விருவர்க்கும் பெற்றோர் ஞானத்தைத் திணித்திலர். முன்னைத் தவத்தால் முதிர்ந்த உயிர்கள் அவை. முதிர்ச்சியை அறிந்த அருளே தானாக வந்து உணர்த்திற்று. பக்குவம் அறிந்து கொடுத்தலே குருவின் இலக்கணம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்படியும் அதற்காகவே வகுக்கப்பட்டன. சரியைக்கு உரியானிடம் ஞானத்தைத் திணித்தல் எவ்வாறு குற்றமோ, அவ்வாறே சிற்றிற் பருவத்தானிடம் ஏட்டைத் திணித்தலும் குற்றமாம். மெய்கண்டார் வரலாறு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. குலகுருவாகிய சகலாகம பண்டிதர் தம் முதுமையும் புலமையும் பாராது அம்மழலைப் பிள்ளையிடம் மாணவராகி, அருணந்தி சிவாசாரியர் ஆயினார். குழந்தையிடம் முதியோர் கற்றற்குரியது உண்டு என்னும் பணிவும் சைவ மரபின் சொத்தேயாம்.

மேனாட்டிலும் இவ்வுண்மை எதிர்ப்பின்றி நிலைபெற்றதன்று. செருமானிய நாட்டுப் பிரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டில் சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கினார். பந்து, உருளை, கனசதுரம் முதலியவற்றைக் கொண்டு ஆடிக் கற்கும் அம்முறைக்கு 1840-இல் குழந்தைகள் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரை இட்டார். 1851-இல் பிரஷ்ய அரசு, நாத்திகம் பரப்புவதென ஐயுற்று, அந்நிலையங்களைத் தடைசெய்தது. மறு ஆண்டிலேயே பிரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-இல். எச்சதத்தன் கால் எந்நாட்டிலும் உண்டு போலும்!

1907-இல் உரோம் நகரத்து ஏழைக் குழந்தைகட்கு இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டில் தங்கி, ஆசிரியர் பலரைப் பயிற்றினார். குழந்தை தானே தேர்ந்து கையாற் செய்வதை அவர் விளையாட்டென்று சொல்லாமல் ‘வேலை’ என்றே குறித்தமை கருதத்தக்கது. பெயர் வேறாயினும், ஏவாமலே எழும் செயலே அறிவின் வாயில் என்பதில் ஐயம் இல்லை. இவற்றிற்கெல்லாம் முன்னர், எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிக் கற்றலைக் கண்டு வியந்து தம் விடுதியிலும் மேற்கொண்டார். 1797-இல் அதனை நூலாக எழுதி இங்கிலாந்திற் பரப்பினார். விளையாடிய விரலே எழுதக் கற்ற முறை அது. தமிழ்நாட்டு மணல் கடல் கடந்தும் கற்பித்தது.

விளையாடுதல் குழந்தையின் உரிமை என 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகின்றது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. சிற்றூர்தோறும் அங்கன்வாடிகளை அமைத்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975-இல் தோன்றிற்று. அங்கன் என்பது முற்றம் என்னும் பொருட்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டாண்டுவரை விளையாட்டுவழிக் கல்வியையே வற்புறுத்துகின்றது. சட்டங்களும் திட்டங்களும் இவ்வாறு கூறவும், மணற்சிற்றிலை இடறும் கால் பெரும்பாலும் அன்புடைய இல்லங்களிலிருந்தே நீளுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டென்று பெயர்பெற்றவை யாவும் விளையாட்டாகா. கைப்பேசியைக் கையிற் கொடுத்து மகவை அடக்கி வைத்தல் இந்நாளிற் பெருகியுள்ளது. அதில் விழைவு மிகுகின்றது, செயல் உறங்குகின்றது, ஓடுகின்ற உருக்களில் மகவு செய்தது ஒன்றும் இல்லை. எழுதுகோலைத் திணித்த கை மகவைச் சடமாகக் கருதிற்று. கைப்பேசியை நீட்டிய கையும் அவ்வாறே கருதிற்று. விலையுயர்ந்த பொம்மையும் தேவையன்று. வடமொழி மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அந்நாடகத்தில் அயலகத்துப் பிள்ளையின் பொற்றேரைக் கண்ட சிறுவன், தனக்கு மண் தேர் தந்தமைக்காக அழுகின்றான். பொன்னின் மதிப்பு ஊரார் கற்பித்தது. தேர் ஓட்டும் இன்பம் மண்ணிலும் குறைவின்றி இருந்தது.

நவராத்திரியில் கொலுப் படிகளில் ஏறிய பீங்கான் பொம்மைகளைக் குழந்தைகள் தொடுதற்கும் விடப்படுவதில்லை. உடைந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும், அப்படிகளின் அடியில் ஒரு பிடி பச்சை மண்ணும் சிறிது நீரும் குழந்தைக்கென வைத்தல் அரிதன்று. பொம்மை செய்யும் ஊர்களில் இக்கடமை இருமடங்காம். குழந்தைகளின் விளையாட்டுக்காக உழைக்கும் கை, குழந்தையின் கையாக இருத்தல் ஆகாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் 14 வயது நிரம்பாதாரைத் தொழிலில் அமர்த்துதலை விலக்கியது இவ்வறம் பற்றியே.

ஆகவே, முதலில் எழுந்த இரு வினாக்கட்கும் விடை இதுவாகும். குழந்தை களிமண் அன்று. களிமண் அதன் கையில் இருத்தற்குரியது. சடத்தை உருவாக்குவோர்க்கு அச்சுப் போதும். சித்து விளங்குதற்கு இடமும், பொழுதும், உடன் காணும் அன்பும் வேண்டும். அவ்விளக்கத்தின் முதற்களமாதலின் விளையாட்டு வீணும் அன்று.

திருமுதுகுன்றத்தில் நிகழ்ந்ததாக வழங்கும் வரலாறு ஒன்று இதற்கு முடிவுரையாகும். தில்லைக்குச் செல்லும் வழியில் அத்தலத்தில் இரவு தங்கிய குரு நமசிவாயர், பசி மிகுந்து, அம்மையைக் கிழத்தி எனப் பாடி அன்னம் வேண்டினார். அம்மை முதியவளாய் வெளிப்பட்டு, முதுமகள் எங்ஙனம் அன்னம் கொணர்தல் கூடும் என வினாவினாள். அவர் அம்மையை இளையவளாகப் பாட, இளமை வடிவு கொண்டு வந்து அன்னம் அளித்தருளினாள். பெரியநாயகியோடு பாலாம்பிகையும் அத்தலத்தில் வழிபடப்பெறுதல் இதனாலென்பர். பசித்த பிள்ளையின்பொருட்டு உலகன்னையே இளமை பூண்டாள் எனின், மகவின் அறிவுப் பசி தீர்த்தற்கு மூத்தோர் சிறிது நேரம் மணலில் அமர்ந்து இளையராதல் இழுக்காமோ?

திருச்சிற்றம்பலம்.